ராஜகனி அனுப்பிய காற்று

கணவாய்விளையில் காற்று நின்றது, ராஜகனியின் மகள் அபிஷா வெளிநாட்டில் நீளம் தாண்டித் தங்கப் பதக்கம் வாங்கிய அதே வேளையில்தான் என்பதில் ஊருக்குள் யாருக்கும் சந்தேகம் இல்லை. அது ஏன் நின்றது என்பதில்தான் ஆளுக்கு ஒரு கருத்து இருந்தது, ராஜகனிக்கு மட்டும் கருத்து எதுவும் இல்லை, ஏனென்றால் அவளுக்குக் காரணம் தெரியும்.

மேற்கே மலை இரண்டாகப் பிரிந்து வழிவிடுகிற இடத்தில் அந்த ஊர் இருந்தது. ஆனி பிறந்ததும் அந்த வழியாகக் கடற்கரைக் கருவாட்டு வாசத்தோடு நுழைகிற காற்று ஐப்பசி மழை வரைக்கும் வெறிகொண்டு அடிக்கும், மற்ற மாதங்களிலும் முழுதாக ஓயாது, அதனால் ஊரில் எல்லோரும் கொஞ்சம் சாய்ந்து நடந்தார்கள், துணியைக் கொடியில் போடாமல் முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள், சோற்றுத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள், பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசினாலும் அடுத்த ஊர்க்காரரைக் கூப்பிடுவதுபோலப் பேசினார்கள், பெண் கேட்டு வெளியூர் போனால் அங்குள்ளவர்கள் இவர்கள் சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். மலைச்சரிவு முழுக்கக் காற்றாலைகள் நின்றன, ஊரில் அவற்றுக்குக் காத்தாடி என்று பெயர், ராஜகனியின் கணவன் சுயம்புலிங்கம் அவற்றில் ஒரு வரிசைக்குக் காவல்காரன்.

அவ்வளவு காற்று இருந்தும், களத்தில் நெல் தூற்றும்போது அது சில வேளை அடம்பிடித்த பிள்ளைபோல மலைப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்போது பெண்கள் அதைக் கூப்பிடுவார்கள். சுளகை மார்போடு பிடித்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, கன்றுக்குட்டியைக் கூப்பிடுவதுபோல ஒரு சத்தம் கொடுத்து, வா, இங்க வா, பதரைக் கொண்டு போ என்று சொல்ல வேண்டும். யார் கூப்பிட்டாலும் வந்துவிடாது, ராஜகனி கூப்பிட்டால் வரும். வேலை முடிந்ததும் அதைப் போயிட்டு வா என்று சொல்லி அனுப்ப வேண்டும், வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரையும் வெறுமனே போ என்று சொல்லக்கூடாது அல்லவா, அதுபோலத்தான் காற்றையும். இப்போதெல்லாம் நெல்லை இயந்திரமே தூற்றிக் கொடுத்துவிடுகிறது என்றாலும் உளுந்து புடைக்கவும் மிளகாய் காயவைக்கவும் ராஜகனி அதைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள், போயிட்டு வா என்று சொல்லவும் ஒருநாளும் மறந்ததில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

அந்தப் பன்னாட்டுத் தடகளப் போட்டி கடல்தாண்டி எங்கோ நடந்தது. அங்கே சாயங்காலம், இங்கே உச்சி திரும்பிய நேரம். ராஜகனியின் வீட்டு முன்னறையில் தெருவே கூடித் தொலைக்காட்சி பார்த்தது, ராஜகனி மட்டும் கூட்டத்தோடு உட்காரவில்லை. தன் கண் பட்டால் மகளுக்கு ஆகாது என்று அவளுக்கு ஒரு பயம், மகள் நடக்கப் பழகின நாளிலிருந்தே இருக்கிற பயம், அதனால் புறவாசல் நடையில் உளுந்தும் சுளகுமாக உட்கார்ந்து, ஆட்களின் தலைகளுக்கு இடையில் தெரிந்த திரையைப் பார்ப்பதும் பார்க்காததுமாக இருந்தாள்.

மைதானத்தில் காற்றே இல்லை என்று திரையில் யாரோ சொன்னார்கள். முதலிலிருந்து முன்னால் இருந்தது ஐசுலு என்று ஒரு பெண், மலைகளும் குதிரைகளும் உள்ள ஏதோ ஒரு தேசத்துக்காரி, நெட்டையானவள், ஒவ்வொரு முறையும் ஓடுவதற்கு முன்னால் உள்ளங்கையை ஊதிக்கொள்வாள். அபிஷா தன் கடைசித் தாண்டுதலில் அவளை ஒரு விரல் கனம் முந்திவிட்டாள். முன்னறை கூரையைத் தூக்கியது. ஆனால் ஐசுலுவுக்கு இன்னும் ஒரு தாண்டுதல் பாக்கி இருந்தது, அவள் போய் ஓடுபாதையின் தொடக்கத்தில் நின்றாள், திரை கொஞ்ச நேரம் அவளை விட்டுவிட்டு, பார்வையாளர் வரிசையில் தலையில் துணி கட்டிய ஒரு பெண்ணைக் காட்டியது, அவள் முன்னிருக்கையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், தாய் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

ராஜகனியும் அதைப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் எழுந்து நின்றாள். சுளகிலிருந்த உளுந்து நடையெல்லாம் சிதற, சுளகை மார்போடு பிடித்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி அந்தச் சத்தத்தைக் கொடுத்து, ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த காற்று முழுவதும் புறவாசலில் வந்து நிற்கிறவரைக்கும் கூப்பிட்டு, "போ. அவ மூஞ்சியில போய் அடி. அவ எங்க திரும்பினாலும் அங்கயே நில்லு" என்று சொன்னாள்.

புறவாசல் முருங்கை மரம் அசைவதை நிறுத்தியது. திரையில் ஐசுலு ஓடிவந்தாள், பாதி ஓட்டத்தில் அவள் மார்பில் குத்தியிருந்த எண் அட்டை உடம்போடு அப்பிக்கொண்டது, கண் இடுங்கியது, கதவைத் தள்ளுகிறவள்போலத் தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டே வந்து தாண்டி, தனக்கே தெரியாத ஓர் இடத்தில் மணலில் விழுந்தாள். முன்னறையில் எழுந்த கூச்சல் பயங்கரமாகக் கேட்டது, அதைத் தூக்கிக்கொண்டு போகக் காற்று இல்லாததால் அது வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நின்றது.

அன்று தொடங்கி கணவாய்விளையில் ஓர் இலை அசையவில்லை.

முதல் சில நாட்கள் ஊர் அதை ஒரு விருந்தாகவே எடுத்துக்கொண்டது. ஆயுள் முழுக்கச் சாய்ந்து நடந்தவர்கள், சாய்ந்துகொள்ள ஒன்றும் இல்லாமல் தெருவில் பொத்தென்று விழுந்தார்கள், எழுந்து சிரித்துக்கொண்டே நிமிர்ந்து நடக்கப் பழகினார்கள். கற்பூரப் புகை கோயில் வாசலில் கொடிக்கம்பம்போல நட்டுக்கொண்டு நின்றது. காற்றின் இரைச்சலிலேயே தூங்கிப் பழகிய கைக்குழந்தைகள் கண்மூட மறுத்து அழுதன, ஒருத்தி வெறும் மிக்சியை ஓடவிட்டுப் பார்த்தாள், குழந்தை தூங்கிற்று, அன்று முதல் பிள்ளை உள்ள வீடுகளிலெல்லாம் மதியத்தில் மிக்சி ஓடியது. காலையில் வைத்த மீன்குழம்பின் வாசனை மறுநாள் காலை வரைக்கும் அந்த வீட்டு வாசலிலேயே நின்றதால், யார் வீட்டில் என்ன, யார் வீட்டில் ஒன்றும் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று, ஒன்றும் இல்லாத வீட்டுக்கு மற்ற வீடுகளிலிருந்து கிண்ணம் போயிற்று. கொசு என்பதை முதல்முறையாகப் பார்த்தார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, ஒருவர் முணுமுணுப்பது மற்றவருக்குக் கேட்டதுதான்.

"நான் கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த மனுசனைத் திட்டிட்டுத்தான் இருக்கேன் பிள்ளே," என்று பக்கத்து வீட்டு லீலாபாய் ராஜகனியிடம் வந்து சொன்னாள். "இப்பத்தான் அவருக்குக் கேக்குது. இத்தனை நாளும் நான் செபம் சொல்லுதேன்னு நினைச்சாராம்."

"இப்ப என்ன செய்யுதாரு?"

"பதிலுக்குத் திட்டுதாரு. பரவால்ல, பேச்சுத் துணைக்கு ஆளாச்சு."

ராஜகனி சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இப்போதெல்லாம் அவளுக்கு எதுவும் பாதிக்கு மேல் போகவில்லை, சோறும் தூக்கமும் அப்படித்தான்.

வாழை போட்டவர்களுக்குக் கொண்டாட்டம். ஆண்டுதோறும் ஆடிக்காற்றில் குலையோடு படுத்துவிடுகிற வாழை இந்தமுறை ஒன்றுகூடச் சாயவில்லை, காற்று இனி வரவே கூடாது என்று அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். காத்தாடி நிறுவனத்து ஆட்களோ வண்டியில் வந்து இறங்கி, எண்ணெய் விட்டார்கள், ஏறிப் பார்த்தார்கள், இறங்கி வானத்தைப் பார்த்தார்கள், கடைசியில் காவல்காரர்கள் எல்லோரையும் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். சுயம்புலிங்கம் மட்டும் பழக்க தோசத்தில் தினமும் மலைக்குப் போய் வந்தான்.

"அங்க போய் என்ன செய்யுதீங்க?" என்று ராஜகனி கேட்டாள்.

"உக்காந்திருக்கேன். பிரேதத்துக்குக் காவல் இருக்க மாதிரி இருக்கு. ஒவ்வொண்ணும் கையை விரிச்சிட்டு நிக்குது ராஜகனி, பாக்கவே சங்கடமா இருக்கு."

அபிஷா திரும்பி வந்தபோது ஊர் எல்லையிலிருந்தே வரவேற்பு. சாலையின் இரு பக்கமும் அவள் படம் போட்ட ஃப்ளெக்ஸ் பலகைகள் நின்றன, கழுத்தில் பதக்கமும் கையில் கொடியுமாக. கணவாய்விளையில் இதற்கு முன் எந்தத் தலைவருக்கு வைத்த பலகையும் பொழுது சாய்கிறவரைக்கும் நின்றதில்லை, காற்று கிழித்துக்கொண்டுபோய்க் காத்தாடியில் மாட்டிவிடும். அபிஷாவின் முகம் மட்டும் ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது. ஊராட்சித் தலைவர் மேடையில் ஏறி, "நம்ம பிள்ளைக்க சாதனையைப் பாத்து காத்தே மூச்சடைச்சு நிக்குது, மரியாதை தெரிஞ்ச காத்து" என்றார், ஊர் கைதட்டியது, அதன்பிறகு யார் கேட்டாலும் அதுவே காரணமாகச் சொல்லப்பட்டது. ராஜகனியை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். நெருப்புப் போர்வைபோல அது அவள் தோளில் கிடந்தது. மகள் தன் கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றி அவளுக்கு மாட்டப் போனபோது, "வேண்டாம் மக்களே, வேண்டாம், எனக்கு வேர்வை" என்று பின்னால் நகர்ந்துவிட்டாள்.

வீட்டில் சாப்பிடும்போது அபிஷா சொன்னாள், "அம்மா, ஐசுலு என்னைவிட நல்லா தாண்டக்கூடியவ, கேட்டியா. கடைசித் தாண்டுதல்ல பாவம், அவளுக்கு நேரெதிரா காத்து. அதுவரைக்கும் அங்க காத்தே இல்ல."

"அதுக்கு நீ என்ன செய்வே. அவளுக்க நேரம்."

"நான் ஒண்ணும் செய்யல்ல. சும்மா சொல்லுதேன்."

ராஜகனி இன்னும் ஒரு துண்டு மீனை எடுத்து மகளின் தட்டில் வைத்தாள். வைக்கும்போது தான் முகத்தைத் திருப்பிக்கொண்டதை மகள் பார்த்துவிட்டாளோ என்று அன்று முழுக்கக் கவலைப்பட்டாள், பார்க்கவில்லை என்று தெரிந்ததும், பார்த்திருக்கலாமே என்று கவலைப்பட்டாள்.

போட்டியில் முதலும் இரண்டாவதுமாக வந்த அந்த இரண்டு பெண்களும் சிநேகிதிகளாகியிருந்தார்கள், அரைகுறை ஆங்கிலத்தில் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். ஒருநாள் காலை அபிஷா போனைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கே வந்துவிட்டாள்.

"அம்மா, இதைப் பாரேன். இது என்ன கூத்துன்னு எனக்குத் தெரியல்ல."

திரையில் ஐசுலு ஒரு புல்வெளியில் நின்றாள். முடி பின்னால் பறந்தது, கண் இடுங்கி நீர் வழிந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் குதிரைகள் மேய்ந்தன, அவற்றின் பிடரிமயிரில் ஒன்றுகூட அசையவில்லை. ஐசுலு மெதுவாகத் தன்னைச் சுற்றித் திரும்பிக் காட்டினாள், எந்தப் பக்கம் திரும்பினாலும் முடி பின்னாலேயே பறந்தது.

"போட்டி அன்னைக்கு அடிச்ச காத்தாம், விட்டுப் போகவே இல்லியாம். எங்க திரும்பினாலும் மூஞ்சிலதான் அடிக்குதாம். எதிர்க்காத்துல எப்படித் தாண்ட முடியும்? டாக்டர்கிட்டப் போனாங்களாம், அவங்க கோயில்ல மந்திரிச்சாங்களாம். அவங்க ஊர்க்காரங்க எல்லாம் இப்ப இவ முன்னால நின்னு அடுப்புப் பத்தவைக்கதில்லியாம், பின்னால வந்து நின்னுக்கிடுதாங்களாம். தாண்டுறதையே விட்டிரலாம்னு இருக்கா."

ஐசுலு ஏதோ சாப்பிடத் தொடங்கினாள். அப்போது தலையில் துணி கட்டிய அந்தப் பெண் வந்தாள், ஒரு கம்பளியை இரண்டு கையாலும் விரித்து மகளின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள், மகள் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் கையை இறக்கவில்லை. அது அவர்களுக்குத் தினசரி வழக்கமாகிவிட்டது என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"இன்னொரு வேடிக்கை கேளு," என்றாள் அபிஷா. "அந்தக் காத்துல கருவாட்டு வாசம் வருதாம். அவ நாட்டுல கடலே கிடையாதும்மா."

சொல்லிவிட்டு அபிஷாவே புறவாசல் பக்கம் திரும்பினாள். அசையாத முருங்கையைப் பார்த்தாள். பிறகு தலையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று ராஜகனி புறவாசலில் சுளகோடு நின்று, தொண்டை வற்றுகிறவரைக்கும் காற்றைக் கூப்பிட்டாள். வா என்றாள், வந்திரு என்றாள், தப்பா சொல்லிட்டேன் என்றாள். ஒன்றும் அசையவில்லை. கூப்பிடுகிற குரல் காற்றின் காதில் விழ வேண்டும், அதுவோ எத்தனையோ நாடுகளுக்கு அப்பால் ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே, சொன்னதைத் தட்டாத வேலைக்காரனாக நின்றுகொண்டிருந்தது. அந்தக் குரல் அங்கே போக ஒரே வழிதான் இருந்தது, அந்த வழி மகளின் கையில் இருந்தது.

சொல்லாமல் இருந்துவிடலாம். அதையும் அவள் நினைத்துப் பார்த்தாள். வாழைக்காரர்களுக்கு நல்லது, கிண்ணம் போகிற வீட்டுக்கு நல்லது, மகளின் முகம் சாலையில் கிழியாமல் நிற்கும். ஆனால் கம்பளியைப் பிடித்திருந்த அந்த இரண்டு கைகளும் அவள் கண்ணை விட்டு இறங்கவில்லை, உலையில் அரிசி போடும்போதும் தெரிந்தன, கண்ணை மூடினாலும் தெரிந்தன.

அபிஷா பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சியில் இருந்தாள். மணலை அழிக்கக் காற்று இல்லாததால், வந்ததிலிருந்து அவள் ஓடிய ஓட்டமெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, ஒரு கூட்டமே ஓடிப்போனதுபோல மைதானம் கிடந்தது. ராஜகனி அந்தத் தடங்களை மிதிக்காமல் ஓரமாக நடந்து போய் மகளின் முன்னால் நின்றாள்.

"மக்களே, அந்தக் காத்தை நான்தான் அனுப்பினேன்."

அபிஷா சிரிக்கவும் இல்லை, எந்தக் காற்று என்று கேட்கவும் இல்லை. கால் முட்டியிலிருந்த மணலைத் தட்டினாள். "எப்போ?"

"அவ ஓடிவரப் போறப்போ. புறவாசல்ல நின்னு."

"நான் முன்னாலதானேம்மா நின்னேன்."

"ஆமா."

"ஒரு விரல் கனம்னாலும் நான்தானே முன்னால நின்னேன்." அவள் குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் ராஜகனிக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அது போதாதுன்னு நினைச்சிட்ட. என்னை நம்பல்ல."

"பயந்துட்டேன் மக்களே. எனக்குப் பயமா இருந்தது."

"எனக்குப் பயமா இல்ல. அங்க நின்ன எனக்குப் பயமே இல்ல." அவள் மணலைப் பார்த்தாள். "இனிமே அவ எவ்வளவு தாண்டியிருப்பான்னு யாருக்கும் தெரியாது. நான் ஜெயிச்சேனான்னு எனக்கும் தெரியாது."

அங்கேயே, மணல் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து அபிஷா போனை எடுத்தாள். ஐசுலுவின் பறக்கிற முடி திரையில் வந்தது. ராஜகனி சொல்லச் சொல்ல அபிஷா ஆங்கிலத்தில் சொன்னாள், ஒன்றைக்கூட மெழுகிச் சொல்லவில்லை என்பது அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் எச்சில் விழுங்கியதிலிருந்து தெரிந்தது. ஐசுலு தன் தாயிடம் திரும்பி அவர்கள் மொழியில் சொன்னாள். அந்தத் தாய் போனுக்கு அருகில் வந்து ராஜகனியின் முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னாள்.

"என்ன சொல்லுதா?"

"எனக்குப் புரியல்ல. நல்ல வார்த்தையா இருக்காது."

"இருக்காது," என்றாள் ராஜகனி.

பிறகு சுளகு இல்லாததால் முந்தானையை மார்போடு பிடித்துக்கொண்டு, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, போனுக்குள் அந்தச் சத்தத்தைக் கொடுத்தாள். "போதும். அவளை விட்டிரு. தப்பு எனக்க மேல. வீட்டுக்கு வா."

திரையில் ஐசுலுவின் முடி மெல்ல இறங்கித் தோளில் படிந்தது. அவள் கண்ணை முழுதாகத் திறந்தாள், அவ்வளவு பெரிய கண்கள் என்று அதுவரை தெரியவில்லை. அவள் தாய் கம்பளியை மடிக்கத் தொடங்கினாள், பாதி மடித்ததும் அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பதக்கத்தை அனுப்பி வைக்கிறேன் என்று அபிஷா சொன்னாள். ஐசுலு வேண்டாம் என்றாள். "அவளுக்கு வேண்டியது மெடல் இல்லியாம்," என்று அபிஷா தாயிடம் சொன்னாள். "அந்த ஒரு தாண்டுதல்தானாம். அதை நான் எங்க போய் எடுத்துக் குடுப்பேன்."

காற்று உடனே வந்துவிடவில்லை. அது மலை தாண்டி, பாலைவனம் தாண்டி, கடல் தாண்டி வர வேண்டியிருந்தது. வருகிற வரைக்கும் அபிஷா தாயிடம் பேசவில்லை. சாப்பாடு வேண்டும், வேண்டாம் என்பதைத் தட்டை நகர்த்தியே சொன்னாள். சுயம்புலிங்கத்திடம் ராஜகனி எல்லாவற்றையும் சொன்னாள், அவன், "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றான், கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஒரு நாள் முற்பகலில் மலைமேல் காத்தாடி ஒன்று முனகியது. பிறகு அடுத்தது. தெருவில் எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள், மிக்சிகள் நிறுத்தப்பட்டன, கொடியில் போட்டிருந்த துணியெல்லாம் ஒரே மூச்சில் எழுந்து வாழைத்தோப்புப் பக்கம் போயிற்று, வாழைக்காரர்கள் தலையில் கைவைத்தார்கள், லீலாபாயின் கணவர் பேசிக்கொண்டிருந்த வசவின் பின்பாதி யாருக்கும் கேட்கவில்லை. குழந்தைகள் கிடந்த இடத்திலேயே தூங்கிப்போயின.

ராஜகனியும் வாசலில் நின்றாள். அவள் முந்தானை அசையவில்லை. காற்று அவளிடம் வந்ததும் இரண்டாகப் பிரிந்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் போய், அவளைத் தாண்டிய பிறகு சேர்ந்துகொண்டது. அவள் தெருவில் இறங்கி நடந்தாள். நடந்த இடமெல்லாம் ஒரு கை நீளத்துக்கு அசைவில்லாமல் இருந்தது.

ஊர் அதையும் பழகிக்கொண்டது. தான் செய்ததை ஊரிலும் ராஜகனி சொல்லி முடித்திருந்தாள், கோபப்பட்டவர்கள் கோபப்பட்டு முடித்திருந்தார்கள், அதன்பிறகு அவள் உபயோகமாகிவிட்டாள். பீடி பற்றவைக்க வந்தார்கள். திருவிழாவில் விளக்கு அணையாமலிருக்க அவளைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். "ராஜகனி, கொஞ்சம் எங்க வீட்டு அடுக்களைக்கு வந்து நில்லேன், அடுப்பு பிடிக்க மாட்டேங்குது," என்று கூப்பிட்டார்கள். அவள் போய் நின்றாள். ஆனியும் ஆடியும் வந்து போயின, உடம்பில் ஒரு மூச்சுக் காற்று படாமல் வேர்த்துக்கொண்டே, கூப்பிட்ட இடத்திலெல்லாம் போய் நின்றாள்.

அடுத்த பன்னாட்டுப் போட்டிக்கு அபிஷா கிளம்பிய காலையில் காற்று வெறிபிடித்ததுபோல அடித்தது. ஐசுலுவும் அந்தப் போட்டிக்கு வருகிறாள். அபிஷா வாசலில் நின்று தலைபின்னப் பார்த்தாள், பிரித்த முடி முகமெல்லாம் அடித்தது, உள்ளே போனாள், சன்னல் வழியாக அங்கேயும் அடித்தது. கடைசியில் சீப்போடு வந்து, தாயின் முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். முடி அடங்கி இறங்கியது. ராஜகனி அதைக் கையில் எடுத்தாள், அந்த முடியைத் தொட்டு எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன, மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினாள்.

பாதிப் பின்னலில், திரும்பாமலே அபிஷா கேட்டாள், "அன்னைக்கு நீ காத்தை அனுப்பாம இருந்திருந்தா நான் ஜெயிச்சிருப்பேனாம்மா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். ராஜகனியின் வாய் வரைக்கும் அது வந்தது. கையிலிருந்த முடியை இறுக்கிப் பிடித்தாள்.

"தெரியாது மக்களே," என்றாள். "அதைத் தெரியாம ஆக்கினது நான்தான்."

அபிஷா தலையை ஆட்டினாள், பின்னல் ராஜகனியின் கையை விட்டு நழுவி மறுபடியும் கைக்கு வந்தது. பின்னி முடித்த பிறகும் மகள் உடனே நகரவில்லை. ஊர் முழுக்கக் காற்று இரைந்துகொண்டிருக்க, அந்தக் கைநீள இடத்தில், தாயின் மூச்சுத் தன் கழுத்தில் படும்படி கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காற்றுக்குள் இறங்கிப் போனாள்.